கறிவேப்பிலைத் தொட்டியில் பட்டாம்பூச்சி: குழந்தைகளோடு சேர்ந்து வளர்ப்பது எப்படி? எதைச் செய்யக் கூடாது?

உங்கள் வீட்டு பால்கனியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? ஹைதராபாத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் என்றால் அநேகமாக இருக்கும். இல்லாவிட்டால் எதிர் ஃபிளாட் தெலுங்குக்காரர் வீட்டில் இருக்கும். அதன் கொழுந்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கடுகு அளவில் வெளிர் மஞ்சளாக ஒரு உருண்டை தெரிந்தால் அது பட்டாம்பூச்சி முட்டை. இலை மேல் குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். எச்சம் நகர்ந்தால், அது புழு.

போன மழைக்காலத்தில் என் அக்காவிடமிருந்து ஒரு போன். "கறிவேப்பிலையை ஏதோ தின்னுட்டுப் போகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டாள். பின்னாலிருந்து ஏழு வயது மகளின் குரல்: "சித்தி, அடிக்க வேணாம்னு சொல்லுங்க!" அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது. அதன் பிறகு எங்கள் வீட்டில் சாம்பாருக்குக் கறிவேப்பிலை கடையில்தான் வாங்கினோம்.

விடுமுறையில் குழந்தைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்குப் பட்டாம்பூச்சி வளர்ப்பு சுலபமான யோசனையாகத் தோன்றும். சுலபம்தான். ஆனால் நடுவில் சில கேள்விகள் வரும். சிலவற்றுக்குக் குழந்தையிடம் பதில் சொல்வது கஷ்டம். அதையும் சேர்த்தே இங்கே பார்ப்போம்.

கறிவேப்பிலையில் முட்டையிடுவது யார்?

பெரும்பாலும் இரண்டு இனங்கள். ஒன்று எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, ஆங்கிலத்தில் லைம் பட்டர்ஃபிளை. கறுப்பில் வெளிர் மஞ்சள் திட்டுகள், பின் இறக்கையில் ஒரு சிவப்புப் புள்ளி. இன்னொன்று காமன் மார்மன். இரண்டுமே எலுமிச்சைக் குடும்பச் செடிகளில்தான் முட்டையிடும். கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

காமன் மார்மனிடம் ஒரு தந்திரம் உண்டு. அதன் பெண்களில் சில, ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, பறவைகள் தின்ன விரும்பாத நச்சுத்தன்மையுள்ள காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சிகளைப் போல வேஷம் போட்டிருக்கும். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு தோற்றத்தில் மகள்கள் வரலாம். இந்த வேஷத்தைத் தீர்மானிப்பது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று, இந்திய ஆய்வாளர் கிருஷ்ணமேக் குந்தே உள்ளிட்டோர் 2014-ல் நேச்சர் ஆய்விதழில் எழுதினார்கள். உங்கள் தொட்டியில் இருக்கும் புழு அந்த ஆய்வின் கதாநாயகியாகக்கூட இருக்கலாம்.

முட்டை 3 முதல் 5 நாட்களில் பொரியும். வெளியே வரும் குட்டிப் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் சாப்பாடு, தூக்கம், தோல் உரிப்பு. முதல் நான்கு கட்டங்களில் எச்சம் வேஷம். ஐந்தாவது கட்டத்தில் திடீரென்று பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்புகள் எட்டிப் பார்க்கும், கூடவே ஒரு நாற்றம். குழந்தைகளுக்கு இதுதான் உச்சக்கட்டம். ஆனால் விளையாட்டுக்காகத் திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள். ஒருமுறை பார்த்தால் போதும்.

கறிவேப்பிலை இல்லை என்றால்?

வாசலுக்கு வாருங்கள். அபார்ட்மென்ட் சுவரை ஒட்டி வரிசையாக நட்டிருக்கும், எல்லோரும் அசோக மரம் என்று தவறாகச் சொல்லும் நெட்டிலிங்கம், டெய்ல்டு ஜே என்ற பச்சைப் புள்ளிப் பட்டாம்பூச்சியின் வீடு. காலி மனையில் வளரும் எருக்கில் பிளெய்ன் டைகர் இருக்கும். சரக்கொன்றை, ஆவாரை வகைச் செடிகளில் எமிகிரண்ட் எனப்படும் வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிகள். தெலங்கானாவின் மாநிலப் பூ 'தங்கேடு', பதுக்கம்மா பண்டிகையில் அடுக்குவார்களே, அது நம் ஊர் ஆவாரம்பூவேதான். பால்கனியில் ரணகள்ளி வைத்திருந்தால் ரெட் பியரோ என்ற குட்டிப் பூச்சி வரும். அதன் புழு இலையின் மேல் இருக்காது, தடித்த இலைக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு உள்ளே இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு புழுவுக்கும் அதனதன் செடிதான் சாப்பாடு. எருக்கில் எடுத்த புழுவுக்குக் கறிவேப்பிலை போட்டால் பட்டினி கிடந்து சாகும். எனவே எந்தச் செடியில் பார்த்தீர்களோ அதே செடியின் இலை கடைசி வரை கிடைக்குமா என்று முதலிலேயே யோசியுங்கள். தமிழ்நாடு 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை இங்கே வளர்க்க முடியுமா என்று என் அக்கா மகள் கேட்டாள். முடியாது. அதன் புழு நீரடிமுத்து வகை மரங்களின் இலையைத் தின்பது, அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சி.

இரண்டு எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அந்தச் செடியில் பெரியவர்கள் மட்டும் கை வைக்க வேண்டும். உடம்பெல்லாம் முடி உள்ள புழுவை, நாம் கம்பளிப்பூச்சி என்று சொல்வதை, யாரும் தொடக் கூடாது. முருங்கை மரத்தடியில் நின்று அரிப்பு வாங்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டப்பாவிலா, செடியிலேயேவா?

என் ஓட்டு செடிக்குத்தான். புழுவைச் செடியிலேயே விட்டு, தினமும் இரண்டு வேளை போய்ப் பார்ப்பது. பறவையோ பல்லியோ கொண்டுபோய்விடும் என்று குழந்தை பயந்தால், ஒரு கிளைக்கு மட்டும் பழைய கொசுவலைத் துணியைப் பை மாதிரி கட்டிவிடலாம்.

டப்பாதான் வேண்டும் என்றால் இரண்டு அல்லது மூன்று புழு போதும். கடைசிக் கட்டத்தில் அது தின்னும் வேகத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஒரு தொட்டிச் செடியால் பத்து புழுவுக்குச் சோறு போட முடியாது. வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பா, மூடிக்குப் பதில் வலைத்துணி, அடியில் டிஷ்யூ பேப்பர். டிஷ்யூவைத் தினமும் மாற்ற வேண்டும். புழுவின் கழிவு ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் எல்லாம் போய்விடும். இலை வாடாமலிருக்கக் கிளையைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தால், பாட்டில் வாயைக் காகிதத்தால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு இறங்கி வந்து தண்ணீரில் விழுந்து சாகும். இது நிறையப் பேர் செய்யும் தவறு, நாங்களும் செய்தோம்.

புழுவைக் கையால் எடுக்க வேண்டாம், அது இருக்கும் இலையோடு நறுக்கி மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தோல் உரிக்கத் தயாராகிறது. டப்பாவை வெயிலில் வைக்கவே கூடாது. 40 டிகிரியைத் தொடும் ஹைதராபாத் மே மாதம் இதற்கு ஏற்ற காலமும் அல்ல. மழை வந்து கொழுந்து விட்ட பிறகு, ஜூலை முதல் நவம்பர் வரை, முட்டை தேடி அலைய வேண்டியிருக்காது.

நர்சரிச் செடியும் கொசுப் புகையும்

புழு வளர்க்கலாம் என்று முடிவு செய்து நேராக நர்சரிக்குப் போய் ஒரு பளபளப்பான எலுமிச்சைக் கன்றை வாங்கி வருகிறோம். ஓர் ஓட்டைகூட இல்லாத இலைகள். அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். நர்சரிக்காரர்களுக்கு இந்தப் புழு எதிரி. எலுமிச்சை நாற்றுகளை மொட்டையடித்துவிடும் பூச்சி என்றுதான் தோட்டக்கலைப் பாடப்புத்தகங்களும் அதைச் சொல்கின்றன. எனவே மருந்து அடித்திருப்பார்கள். சில மருந்துகள் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறி நிற்கும், கழுவினாலும் போகாது. வாங்கி வந்த செடியைச் சில மாதங்கள் வைத்திருந்து, பழைய இலைகள் உதிர்ந்து புதுக்கொழுந்து வந்த பிறகு பயன்படுத்துங்கள். அல்லது விதை போட்டு வளர்த்துவிடுங்கள்.

'இயற்கை மருந்துதானே' என்று வேப்பெண்ணெய் தெளிப்பவர்களும் கவனிக்கவும். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின், பூச்சிகள் தோல் உரிப்பதைத் தடுத்தே கொல்கிறது. அதற்கு நல்ல புழு, கெட்ட புழு தெரியாது.

அடுத்தது மாநகராட்சியின் கொசுப் புகை. டெங்கு காலத்தில் அது வரும், வரத்தான் வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் டப்பாவை உள்ளே எடுத்துச் சென்று ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இங்கே ஒரு தகவல். இந்த நகரத்தில் பூச்சி வளர்த்து உலகப் புகழ் பெற்ற ஒருவர் உண்டு. செகந்திராபாத்தில் இருந்த ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், கொசுப் புழுக்களை வளர்த்து, அவற்றை மலேரியா நோயாளியைக் கடிக்கவைத்து, 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு. பேகம்பேட்டில் அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. குழந்தை "நான் புழு வளர்க்கிறேன்" என்று சொன்னதும் முகம் சுளிக்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லலாம்.

கூட்டிலிருந்து குளவி வந்தால்?

இனி கஷ்டமான பகுதி.

பச்சைப் புழு ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்தும், வயிற்றைக் காலி செய்யும், டப்பா முழுக்க அலையும். பிறகு ஒரு குச்சியில் தன்னைப் பட்டு நூலால் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, மறுநாள் கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். குழந்தை காலண்டரில் நாட்களை எண்ணும். எட்டு, பத்து நாட்களில் பட்டாம்பூச்சி வர வேண்டும். அக்கா வீட்டில் ஒரு காலையில் வந்தது பட்டாம்பூச்சி அல்ல. கூட்டில் ஊசி முனை அளவு ஒரு துளை. அதன் வழியாக எறும்பைவிடச் சிறிய பூச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வலைத்துணியில் ஊர்ந்தன.

"சித்தி, யாரோ ஏமாத்திட்டாங்க" என்றாள் அவள்.

அவை ஒட்டுண்ணிக் குளவிகள். சில இனங்கள் பட்டாம்பூச்சியின் முட்டைக்குள்ளேயே முட்டையிடும். சில, புழுவின் உடம்பில். டெரோமாலஸ் போன்றவை, புழு தோல் உரித்து இன்னும் மெத்தென்று இருக்கும் புதுக் கூட்டைத் தேடி வந்து குத்தும். உள்ளே குளவிக் குஞ்சுகள் கூட்டுப்புழுவைத் தின்று வளரும். அதாவது நீங்கள் புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே, அல்லது வலையில் சிறு இடைவெளி இருந்தபோது, விஷயம் முடிந்திருக்கலாம். யாருடைய அலட்சியமும் அல்ல.

இதைக் குழந்தையிடம் மறைக்கலாமா? இரவோடு இரவாகக் கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு "பறந்து போயிடுச்சு" என்று சொல்லலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள், புரிகிறது. நான் வேண்டாம் என்பேன். ஏழு வயதுக்குக் கணக்கு புரியும். அவளோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு பெண் பட்டாம்பூச்சி 100 முட்டை இடுகிறது, எல்லாமே பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி பெண். அந்த 50 பேரும் தலா 100 முட்டை இட்டால் 5,000. அதில் பாதி, 2,500 பேர் மீண்டும் தலா 100 இட்டால் 2,50,000. மூன்றே தலைமுறை, சில மாதங்கள்தான். "அப்போ நம்ம தெருவுல கறிவேப்பிலையே இருக்காதே" என்றாள். பட்டாம்பூச்சிகளின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும் என்றால், ஒரு தாயின் அத்தனை முட்டைகளில் சராசரியாக இரண்டு மட்டும் பிழைத்தால் போதும். மிச்சம் குருவிக்கும் சிலந்திக்கும் எறும்புக்கும் குளவிக்கும். டிரைக்கோகிராமா என்ற முட்டை ஒட்டுண்ணியை அட்டையில் ஒட்டி விவசாயிகள் வயலில் கட்டுகிறார்களே, அதுவும் இதே கூட்டம்தான்.

கணக்கு புரிந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் வரலாம்.

குளவிகளைக் கொல்லலாமா என்று அவள் கேட்டாள். நாங்கள் வலையைத் திறந்து வெளியே விட்டோம். அக்காவுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டுக்குள் என்ன நடக்கிறது?

'புழு முழுக்கக் கஞ்சியாகி, அதிலிருந்து பட்டாம்பூச்சி உருவாகிறது' என்று யூடியூபில் சொல்வார்கள். பாதி உண்மை. தசைகளும் குடலும் பெருமளவு கரைகின்றன. ஆனால் எல்லாமே கரைவதில்லை. உயிருள்ள பெயின்டட் லேடி கூட்டுப்புழுக்களை பிரிட்டன் ஆய்வாளர்கள் சி.டி. ஸ்கேன் எடுத்து 2013-ல் வெளியிட்ட படங்களில், சுவாசக் குழாய்கள் தொடக்கத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தன. இறக்கை, கால் போன்றவற்றுக்கான செல் கூட்டங்களும் புழுவுக்குள்ளேயே தயாராகக் காத்திருப்பவைதான்.

"அதுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். உங்களை ஞாபகம் இருக்காது. ஆனால் சிரிப்பதற்கு முன் இதைப் படியுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், ஒரு வாசனையோடு சேர்த்து லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் புழுக்களைப் பழக்கினார்கள். கடைசிக் கட்டத்தில் பழக்கப்பட்டவை அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்தன. 2008-ல் வெளியான ஆய்வு அது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். எரிக் கார்ல் எழுதிய பசிக்காரப் புழு படக்கதையில் புழு 'ககூன்' கட்டும். பட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சிகள்தான் நூலால் அப்படிக் கூடு பின்னுபவை. உங்கள் கறிவேப்பிலைப் புழு கூடு கட்டுவதில்லை. தோலுக்குள்ளிருந்து வெளிப்படும் அந்தக் கடினமான உருவமே அதன் உடம்பு. தொட்டால் நெளிவது அதனால்தான்.

வெளியே வரும் காலை

கூடு கருத்து, உள்ளே இறக்கையின் வடிவம் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் வரும். பெரும்பாலும் காலை நேரம். பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில்தான் வரும் என்பது என் அனுபவம். வெளியே வந்ததும் இறக்கை கசங்கிய துணி மாதிரி இருக்கும். உடனே எங்காவது தொற்றித் தொங்கி, உடம்புத் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும், அதன் பிறகு சரிசெய்ய முடியாது. எனவே டப்பாவில் உயரமும் சொரசொரப்பான பக்கமும் வேண்டும். டிஷ்யூவில் சிவப்பாக ஒரு சொட்டு விழும். ரத்தம் இல்லை, கூட்டில் சேர்ந்த கழிவு. இதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் தொடாதீர்கள். இறக்கை காய்ந்ததும் அன்றே, வெயில் இருக்கும்போது விட்டுவிடுங்கள். மழை கொட்டினால் மட்டும் ஒரு நாள் பொறுக்கலாம். "நாளைக்கு என் பிறந்தநாள், அது வரைக்கும் வெச்சுக்கலாமா?" கூடாது.

பறந்து போவதைப் பார்க்க வந்த எதிர்வீட்டுப் பாட்டி, "சீதாகோகசிலுக" என்றார். தெலுங்கில் பட்டாம்பூச்சிக்கு அதுதான் பெயர். கோக என்றால் புடவை, சிலுக என்றால் கிளி. சீதையின் புடவைக் கிளி. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' 1981-ல் தெலுங்கில் எடுக்கப்பட்டபோது வைத்த பெயரும் இதுவே.

இப்படி வளர்த்தால் பட்டாம்பூச்சிகளைக் காப்பாற்ற முடியுமா?

முடியாது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் மோனார்க் பட்டாம்பூச்சியை ஆயிரக்கணக்கானோர் வீட்டில் வளர்த்து விடுகிறார்கள். நெருக்கமாக வளர்க்கும்போது நோய் பரவுகிறது என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் பழைய கவலை. சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2019-ல் இன்னொன்றைக் காட்டியது. வணிகரீதியாக வளர்த்தவையும் வீட்டுக்குள் வளர்த்தவையும், வலசை போக வேண்டிய தெற்குத் திசையை நோக்கிப் பறக்கவில்லை. 2021-ல் கனடாவில் நடந்த ஆய்வு, வெளியே விட்ட பிறகு அவை திசையைப் பிடித்துக்கொள்கின்றன என்றது. விவாதம் முடியவில்லை. ஆனால் முட்டையோ கூட்டுப்புழுவோ விலைக்கு வாங்குவதற்கு இதில் எந்த ஆதரவும் இல்லை. உங்கள் தெருவில் இருப்பதை உங்கள் தெருவிலேயே விடுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டுவது செடிதான். பெங்களூரு பன்னேர்கட்டாவில் 2006-ல் திறந்த பூங்காவானாலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-ல் திறந்த பூங்காவானாலும், அங்கே தோட்டக்காரர்களின் பெரும்பாடு புழு தின்னும் செடிகளை வளர்ப்பதுதான். பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போகும். கறிவேப்பிலை வைத்தால் தங்கிக் குடும்பம் நடத்தும்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பட்டாம்பூச்சிகளும் உண்டு. 2022 திருத்தத்துக்கு முந்தைய முதல் பட்டியலில் புலியோடு கிரிம்சன் ரோஸும் டனெய்ட் எக்ஃபிளையும் இருந்தன. இரண்டும் ஊருக்குள் சாதாரணமாகப் பறப்பவை. பின்னதன் புழு தரையில் படரும் பருப்புக்கீரையைத் தின்னும். எனவே இனம் தெரியாத புழுவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், செடியிலேயே வைத்துப் பாருங்கள். இறந்த பட்டாம்பூச்சிகளைக் குத்தி ஒட்டி ஆல்பம் செய்யச் சொல்லும் பள்ளி புராஜெக்ட் வந்தால், போட்டோ போதும் என்று ஆசிரியரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

போட்டோவுக்கு வேறு பயனும் உண்டு. 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரும் இந்தியாவில் 'பிக் பட்டர்ஃபிளை மந்த்' என்று கணக்கெடுப்புகள் நடக்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட், பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா போன்ற தளங்களில் தேதி, இடத்தோடு படம் போடலாம். அங்கே பறக்கும் பூச்சிகளின் படங்கள் குவிகின்றன. முட்டை, புழுப் படங்கள், எந்தச் செடி என்ற குறிப்போடு, குறைவாகவே வரும். அதை ஒரு குழந்தையால் எளிதாகச் செய்ய முடியும். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல் போதும். தேதி, செடி, புழுவின் நீளம், தோல் உரித்த நாள், என்ன ஆனது. 'குளவி' என்பதும் ஒரு பதிவுதான், அதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. டிசம்பர், ஜனவரியில் கூட்டுப்புழுவான சில, பத்து நாள் கணக்குக்குக் கட்டுப்படாது. குளிரில் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். துளை இல்லை, நாற்றம் இல்லை, தொட்டால் லேசாக நெளிகிறது என்றால் உயிரோடுதான் இருக்கிறது. வெயில் படாத ஒரு மூலையில் வையுங்கள். வீடு கூட்டுபவர் குப்பை என்று எடுத்துப் போட்டுவிடாமல் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். தெலுங்கிலும் எழுதி ஒட்டுங்கள்.